எட்டுப் பேருக்கு ஐரிஷ் கிறிஸ்மஸ் விருந்து: ஒரே ஓவனில் எப்படிச் சமைப்பது?

கேள்வி இதுதான். டப்ளினில் வாடகை வீடு. டிசம்பர் 25 அன்று உங்களையும் சேர்த்து எட்டுப் பேர் சாப்பிடப் போகிறீர்கள். அயர்லாந்துக்காரர் வீட்டில் போடுகிற மாதிரியே வான்கோழி, ஹாம் (உப்பில் பதப்படுத்திய பன்றித் தொடை), உருளைக்கிழங்கு என்று முழு விருந்தாக இருக்க வேண்டும். சமையலறையில் ஒரே ஓவன், நான்கு பர்னர். வருகிறவர்களில் ஒருவர் சைவம், ஒருவர் பன்றி இறைச்சி தொடமாட்டார். எதை எப்போது செய்வது?

இந்த விருந்தில் தனியாக எடுத்துப் பார்த்தால் கடினமான பண்டம் எதுவும் கிடையாது. கெடுவது நேரக் கணக்கில்தான். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓவனுக்குள் திணிக்கப் பார்த்து, வான்கோழி காய்ந்தும் உருளைக்கிழங்கு சொதசொதவென்றும் வருவதுதான் வழக்கமான விபத்து. இதற்கு ஒரு நல்ல விடை உண்டு. 5 கிலோ வான்கோழியை ஓவனிலிருந்து எடுத்த பிறகு ஒரு மணி நேரம் அப்படியே வைத்திருக்கலாம், வைத்திருக்கவும் வேண்டும். அந்த ஒரு மணி நேரம் ஓவன் காலி. உருளைக்கிழங்கு, ஸ்டஃபிங் (வெங்காயம் சேர்த்த பிரெட் தூள் கலவை), சைவப் பை மூன்றும் அப்போது வேகும். மற்றதில் முடிந்ததை எல்லாம் 24ஆம் தேதியே முடித்துவிடுங்கள்.

பட்டியல்: முதலில் பிரவுன் சோடா பிரெட்டும் ஸ்மோக்ட் சால்மனும். பிறகு வான்கோழி, ஹாம், பிரெட் ஸ்டஃபிங், வறுத்த உருளைக்கிழங்கு, மசித்த உருளைக்கிழங்கு, பிரஸ்ஸல்ஸ் ஸ்பிரவுட்ஸ் (குட்டி முட்டைக்கோஸ் போன்ற காய்), கேரட்டும் பார்ஸ்னிப்பும் (வெளிறிய கேரட் போன்ற கிழங்கு) சேர்த்த மசியல், கிரேவி, கிரான்பெர்ரி சாஸ். கடைசியில் டிரைஃபிள், அதாவது கேக், பழம், கஸ்டர்ட், கிரீம் அடுக்கிய இனிப்பு. ஒரே தட்டில் இரண்டு விதமாக உருளைக்கிழங்கா என்று யோசிக்க வேண்டாம். அயர்லாந்தில் கிறிஸ்மஸ் அன்று இரண்டும் இருந்தால்தான் தட்டு நிறைந்ததாகக் கணக்கு. கார்க் நகரத்துக்காரர்கள் யாராவது வந்தால் ஸ்பைஸ்டு பீஃப் (மசாலாவில் பதப்படுத்திய மாட்டிறைச்சி) எங்கே என்று கேட்கக்கூடும். 1788 முதல் இயங்கும் அங்குள்ள இங்கிலிஷ் மார்க்கெட்டில் அது கிறிஸ்மஸ் சரக்கு. டப்ளின் விருந்துக்கு அது கட்டாயம் இல்லை.

வாங்குவதில் மூன்று எச்சரிக்கை. 25ஆம் தேதி கடைகள் அநேகமாக எல்லாம் மூடியிருக்கும். மறந்த பொருளை ஓடிப்போய் வாங்க முடியாது. அன்று மது விற்பனைக்குச் சட்டப்படியே தடை. டிரைஃபிளுக்கு ஷெர்ரி, குடிக்க ஒயின் எல்லாம் முந்தின நாளே வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். பஸ், லுவாஸ் (டப்ளின் டிராம்), ரயில் எதுவும் ஓடாது. நண்பர்கள் எப்படி வருவார்கள், எப்படித் திரும்புவார்கள் என்பதைச் சமையலுக்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கார் வைத்திருப்பவர் குடிக்காமல் இருக்க வேண்டும் என்பதும் அதில் அடக்கம்.

வான்கோழி வாங்கும்போது

எட்டுப் பேருக்கு 5 கிலோ போதும், மறுநாளைக்கும் மிஞ்சும். 7 கிலோ பறவை வாங்கினால் ஓவனில் இடிக்கும், வேகவும் நேரம் இழுக்கும். ஓவனின் உள் உயரத்தை அளந்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். ரேக் மேல் டிரே, அதன் மேல் பறவை, அதற்கும் மேலே நான்கு விரல் இடைவெளி வேண்டும். இறைச்சிக் கடைகளில் நவம்பர் கடைசியிலேயே சொல்லி வைத்து, 22 அல்லது 23ஆம் தேதி எடுத்து வருவது நல்லது. கழுத்து, இரைப்பை, இதயம் ஆகியவற்றைத் தனிப் பையில் கேட்டு வாங்குங்கள். கிரேவியின் உயிர் அதில்தான் இருக்கிறது.

உறைந்த பறவை என்றால் ஃபிரிட்ஜின் அடித்தட்டில் வைத்துத்தான் உருக்க வேண்டும். இரண்டு, இரண்டரை கிலோவுக்கு ஒரு முழு நாள் என்று கணக்கிட்டால் 5 கிலோவுக்கு இரண்டு முதல் இரண்டரை நாள். உப்புப் போட ஒரு நாள் வேண்டும் என்பதால் 21ஆம் தேதி காலையிலேயே ஃபிரீசரிலிருந்து இறக்கிவிடுங்கள். உருகிவிட்டதா என்று வெளியே தொட்டுப் பார்த்தால் தெரியாது. வயிற்றுக்குள் கைவிட்டுப் பாருங்கள். பனிக்கட்டி தட்டுப்பட்டால் இன்னும் ஆகவில்லை. நடுவில் உறைந்திருக்கும் பறவை, மேலே வெந்தது போல் தெரிந்தாலும் எலும்பை ஒட்டிய இடத்தில் பச்சையாகவே நிற்கும்.

குழாயில் கழுவ வேண்டாம். கோழியைக் கழுவிச் சமைத்தே பழகிய நமக்கு இது உறுத்தும். ஆனால் கழுவுவதால் கிருமி சாவதில்லை. தண்ணீரோடு தெறித்து, பக்கத்தில் இருக்கும் சாலட் மேலும் பாத்திரங்கள் மேலும் போய் உட்காருகிறது. கிருமியைக் கொல்வது சூடு மட்டுமே. பேப்பர் டவலால் நன்றாக ஒற்றி எடுத்தால் போதும்.

24ஆம் தேதி காலை, கிலோவுக்கு 9 கிராம் வீதம் 45 கிராம் தூள் உப்பைத் தோல் மேலும் வயிற்றுக்குள்ளும் தடவி, டிரேயில் வைத்து, மூடாமல் ஃபிரிட்ஜில் வையுங்கள். உப்பு முதலில் தண்ணீரை வெளியே இழுக்கும். சில மணி நேரத்தில் அந்த உப்புநீர் மறுபடி சதைக்குள் போகும். அப்படி உப்பு ஏறிய சதை வேகும்போது கொஞ்சமாகத்தான் சுருங்கும், சாறும் உள்ளேயே தங்கும். மூடாமல் வைத்தால் தோல் காய்ந்து, ஓவனில் நன்றாகச் சிவக்கும். கடைப் பொட்டலத்தில் ஏற்கெனவே உப்புநீர் ஏற்றிய பறவை என்று போட்டிருந்தால் இந்த வேலையே வேண்டாம், உப்புக் கரித்துவிடும்.

ஹாம்

ஐரிஷ் தட்டில் வான்கோழிக்கு ருசி கூட்டுவது பக்கத்தில் இருக்கும் ஹாம்தான். வான்கோழி மார்பு மென்மையானது, தனி மணம் குறைவு. ஹாமின் உப்பும் கொழுப்பும் இனிப்பும் சேர்ந்தால்தான் ஒரு வாய் முழுமையாகிறது. அதனால் இதற்குக் கூடுதல் கவனம் கொடுங்கள்.

கடையில் கேட்க வேண்டியது சமைக்காத, உப்பில் பதப்படுத்திய, எலும்பு எடுத்த ஹாம், 2.7 கிலோ. புகை போடாதது பொதுவாக உப்புக் குறைவாக இருக்கும்; முதல் தடவைக்கு அதுவே நல்லது. சாண்ட்விச்சுக்கு வைக்கும் வெந்த ஹாம் வேறு, இது வேறு. மேலே தோலும் கொழுப்பும் இருக்கிற துண்டாகப் பாருங்கள். கொழுப்பை முழுக்கச் சீவி எடுத்த துண்டில் கிளேஸ் (மேலே தடவும் இனிப்புப் பூச்சு) பிடிக்க இடமே இராது.

23ஆம் தேதி இரவு முழுகத் தண்ணீர் ஊற்றி ஃபிரிட்ஜில் ஊறவையுங்கள். மறுநாள் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்றுங்கள். கொதி வரும்போது வெள்ளை நுரை திரண்டால் இன்னும் உப்பு இருக்கிறது என்று அர்த்தம். தண்ணீரை ஒரு ஸ்பூன் ஆறவைத்துச் சுவைத்துப் பாருங்கள். ரசத்தின் உப்பைவிடத் தூக்கலாக இருந்தால் கொட்டிவிட்டு மறுபடி புதுத் தண்ணீர். இந்தப் படியைத் தாண்டிய பிறகு உப்பைக் குறைக்க வழியே கிடையாது.

அதன்பின் ஒரு வெங்காயம், ஒரு கேரட், பத்து மிளகு, இரண்டு பே இலை போட்டு வேகவிடுங்கள். கணக்கு: 450 கிராமுக்கு 20 நிமிடம், அதற்கு மேல் ஒரு 20 நிமிடம். 2.7 கிலோவுக்கு 2 மணி 20 நிமிடம். தண்ணீர் தளதளவென்று கொதிக்கக் கூடாது. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி எழுந்தால் போதும். வேகமாகக் கொதித்தால் சதை இறுகி நார்நாராகப் பிரிந்துவிடும், கத்தி வைத்தால் துண்டாக நிற்காது. நடுப்பகுதி 75 டிகிரி வந்ததும் அடுப்பை அணைத்து, அந்தத் தண்ணீரிலேயே அரை மணி நேரம் விடுங்கள். உடனே எடுத்தால் ஆவி பறந்து மேல்பாகம் காய்ந்துபோகும்.

பிறகு தோலை உரிக்க வேண்டும். சூடாக இருக்கும்போது ஒரு ஓரத்தைக் கத்தியால் கிளப்பிவிட்டால், கையாலேயே பாய் சுருட்டுவதுபோல் வந்துவிடும். கீழே அரை சென்டிமீட்டருக்குக் குறையாமல் கொழுப்பு நிற்கட்டும். அதன் மேல் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்சதுரக் கோடு கீறுங்கள். கத்தி கொழுப்போடு நிற்க வேண்டும். சதையைத் தொட்டால் வேகும்போது பிளந்துகொள்ளும். கோடுகள் சேரும் ஒவ்வொரு முனையிலும் ஒரு கிராம்பு. அடுத்து, பேப்பர் டவலால் கொழுப்பை நன்றாக ஒற்றுங்கள். பலரும் விட்டுவிடுகிற படி இது. ஈரம் இருந்தால் கிளேஸ் பிடிக்காமல் வழிந்து டிரேயில் போய்க் கருகும்.

கிளேஸ்: பழுப்புச் சர்க்கரை 100 கிராம், காரமான கடுகு பேஸ்ட் 2 மேசைக்கரண்டி, ஆரஞ்சு மார்மலேட் 2 மேசைக்கரண்டி. குழைத்து முதலில் பாதியைப் பூசி, 200 டிகிரி ஓவனில் 15 நிமிடம். மீதியைப் பூசி இன்னும் 10 முதல் 15 நிமிடம். டிரேயில் ஃபாயில் விரித்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி வையுங்கள். இல்லையென்றால் வழியும் சர்க்கரை கருகி வீடு முழுக்கப் புகை. கடைசி ஐந்து நிமிடம் ஓவன் பக்கத்திலேயே நில்லுங்கள். மினுமினுக்கும் பழுப்பு நிறத்துக்கும் கசக்கும் கருப்புக்கும் நடுவே இரண்டு நிமிடம்தான் இருக்கிறது.

இதெல்லாம் 24ஆம் தேதி மதியத்துக்குள் முடியட்டும். ஆறியதும், இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் பரிமாறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வெளியே எடுத்தால் போதும். ஹாமைச் சூடாகத்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை. சூடான வான்கோழி, அதன் மேல் கொதிக்கும் கிரேவி என்றிருக்கும் தட்டில் அது தானாகச் சூடேறிக்கொள்ளும். குளிர்ந்த ஹாம் மெல்லிய துண்டுகளாக அழகாக வெட்டவும் வரும். ஹாம் வெந்த தண்ணீரில் ஒரு லிட்டரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உலர்பட்டாணி சூப்புக்கு அதைவிட நல்ல அடிநீர் கிடைக்காது.

24ஆம் தேதி நடக்கும் மற்ற வேலைகள்

பிரெட்: முரட்டு முழுக்கோதுமை மாவு 300 கிராம், மைதா 150 கிராம், உப்பு ஒரு தேக்கரண்டி, பிரெட் சோடா ஒரு தேக்கரண்டி (தலை தட்டியது), பட்டர்மில்க் 400 மி.லி. அயர்லாந்தில் பிரெட் சோடா என்று விற்பது நம் சமையல் சோடாதான். பேக்கிங் பவுடரை மாற்றிப் போட்டுவிடாதீர்கள். சோடாவைச் சல்லடையில் சலித்துப் போடுங்கள். கட்டி விழுந்தால் பிரெட்டில் மஞ்சள் பச்சைப் புள்ளியாக நிற்கும், அந்த இடம் சோப்பு மாதிரி கசக்கும். பட்டர்மில்க்கை மொத்தமாக ஊற்றி, விரல்களை அகல விரித்து ஒரு சுற்றுச் சுற்றினால் மாவு சேர்ந்துவிடும். சப்பாத்தி மாவு போல் பிசையவே கூடாது. பிசைந்தால் பசையம் இறுகி பிரெட் கல்லாகிவிடும். மோரின் புளிப்பு பட்ட நொடியே சோடா வாயுவை விடத் தொடங்குவதால், கலந்த மாவைக் காத்திருக்க வைக்கவும் கூடாது. வட்டமாகத் தட்டி, மேலே ஆழமாகச் சிலுவைக் கோடு கீறி, 220 டிகிரியில் 15 நிமிடம், 200 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம். அடியைத் தட்டினால் டொக் டொக்கென்று வெற்றொலி வர வேண்டும். சத்தம் அமுங்கலாக இருந்தால், கவிழ்த்துப் போட்டு இன்னும் ஐந்து நிமிடம். பட்டர்மில்க் கிடைக்காவிட்டால் 250 கிராம் புளித்த தயிரை 150 மி.லி. பாலில் அடித்துக்கொள்ளுங்கள். வீட்டில் குடிக்கக் கரைக்கிற நீர்மோர் சரிப்படாது; தண்ணீர் அதிகம், புளிப்பு குறைவு.

கிரேவிக்கான ஸ்டாக்: கழுத்து, இதயம், இரைப்பையை ஒரு ஸ்பூன் எண்ணெயில் நன்றாகச் சிவக்க வறுத்து, வெங்காயம், கேரட், செலரி, தைம், ஒன்றரை லிட்டர் தண்ணீர் சேர்த்து இரண்டு மணி நேரம் சிறுதீயில் விடுங்கள். ஈரல் இருந்தால் சேர்க்க வேண்டாம், கசக்கும். உப்பும் போட வேண்டாம், பறவையில் ஏற்கெனவே இருக்கிறது. வடிகட்டினால் ஒரு லிட்டர் வரும்.

ஸ்டஃபிங்: வெங்காயம் 400 கிராம் பொடியாக அரிந்து, 200 கிராம் வெண்ணெயில் சிறுதீயில் 12 நிமிடம், நிறம் மாறாமல் மசிய வதக்குங்கள். அதில் ஒரு கைப்பிடி பார்ஸ்லி, இரண்டு மேசைக்கரண்டி தைம் இலை, 450 கிராம் பிரெட் தூள், உப்பு, மிளகு. பிரெட் தூள் என்றால் ஒரு நாள் பழைய வெள்ளை பிரெட்டை மிக்ஸியில் இரண்டு சுற்று விட்டது. பாக்கெட்டில் வரும் காய்ந்த தூளைப் போட்டால் வெண்ணெயை எல்லாம் உறிஞ்சிக்கொண்டு களியாகிவிடும். அயர்லாந்தில் வழிவழியாக இதை வான்கோழி வயிற்றுக்குள் அடைப்பார்கள். எட்டுப் பேர் விருந்துக்குத் தனி டிரேயில் வேகவைப்பதையே நான் சொல்வேன். அடைத்த பறவையின் நடுப்பகுதி சூடேற நெடுநேரம் ஆகும்; உள்ளே இருப்பது 75 டிகிரி வருவதற்குள் மார்பு காய்ந்துவிடும். தவிர, தனியே வைத்தால் உங்கள் சைவ நண்பரும் சாப்பிடலாம், மேல்பாகம் மொறுமொறுப்பாகவும் வரும்.

கேரட், பார்ஸ்னிப் அரை கிலோ வீதம். கேரட் வேக நேரமாகும். அதை முதலில் போட்டு எட்டு நிமிடம் கழித்துப் பார்ஸ்னிப்பைச் சேருங்கள். மசித்து, 50 கிராம் வெண்ணெய், நிறைய மிளகு. மறுநாள் சூடுபடுத்தினால் போதும்.

கிரான்பெர்ரி சாஸைக் கடையில் வாங்கினாலும் குறையில்லை. 300 கிராம் பழம், 100 கிராம் சர்க்கரை, கால் டம்ளர் தண்ணீர், பத்து நிமிடம் என்று வீட்டில் செய்வதும் சுலபமே.

டிரைஃபிள்: கண்ணாடிப் பாத்திரத்தில் ஸ்பாஞ்ச் கேக் துண்டுகளுக்கு ராஸ்பெர்ரி ஜாம் தடவி அடுக்கி, 100 மி.லி. ஷெர்ரி தெளித்து, பழங்களைப் போட்டு, கஸ்டர்ட் ஊற்றி ஆறவைத்து, மேலே அடித்த கிரீம். கஸ்டர்டுக்கு 600 மி.லி. பால், 6 மஞ்சள் கரு, 75 கிராம் சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி கார்ன்ஃபிளவர். கார்ன்ஃபிளவர் இருந்தால் கரு திரியாது. அது இல்லாமல் செய்தால் 82 டிகிரியைத் தாண்டவே கூடாது. ஜெல்லி வைக்க வேண்டாம். கடை ஜெல்லியில் பெரும்பாலும் மாடு, பன்றி ஜெலட்டின் இருக்கும்; உங்கள் விருந்தில் அதைச் சாப்பிட முடியாதவர் குறைந்தது இரண்டு பேர். மது தொடாதவருக்கு ஷெர்ரிக்குப் பதில் ஆரஞ்சுச் சாறு விட்டுத் தனிக் கிண்ணம். பிளம் புட்டிங் (உலர்பழம் சேர்த்து ஆவியில் வேகவைத்த கேக்) வேண்டுமென்றால் நல்லதாகப் பார்த்து வாங்கிவிடுங்கள். அது பல வாரம் முன்பே செய்து ஊறவைக்க வேண்டியது.

சைவ நண்பருக்கு: 300 கிராம் காளான், இரண்டு லீக் தண்டு (தடித்த வெங்காயத்தாள் போன்றது), வெண்ணெயில் தண்ணீர் வற்றும் வரை வதக்கி, ஒரு மேசைக்கரண்டி மாவு, 150 மி.லி. கிரீம் சேர்த்துக் கெட்டியாக்கி, கிண்ணத்தில் ஊற்றி ஆறவையுங்கள். மறுநாள் கடை பஃப் பேஸ்ட்ரியால் மூடி ஓவனில் வைத்தால் போதும். அவருக்கென்று காய்கறி ஸ்டாக்கில் வெங்காய கிரேவி ஒரு சின்னப் பாத்திரம்.

25ஆம் தேதி

தட்டு மேசைக்கு வரவேண்டியது மாலை 4 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். அயர்லாந்தில் இந்த விருந்து மதியமும் இல்லை, இரவும் இல்லை. மூன்றிலிருந்து ஐந்துக்குள் எப்போதாவது நடக்கும்.

காலை 9 மணிக்கு மேல் உருளைக்கிழங்கு. மொத்தம் மூன்றரை கிலோ: வறுக்க 2 கிலோ, மசிக்க ஒன்றரை. ரூஸ்டர் வகை எல்லாக் கடையிலும் கிடைக்கும். சிவப்புத் தோல், கார்லோ அருகே ஓக் பார்க் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கிய வகை. கேர்ஸ் பிங்க் கிடைத்தால் மசிக்க அது இன்னும் நல்லது. வெந்ததும் மாவாக உதிரும் இனம்தான் வேண்டும். பொடி உருளையும், சாலடுக்குப் போடும் வழவழப்பான இனமும் மொறுமொறுப்பாகவே வராது. வறுப்பதற்கானவற்றைத் தோல் சீவி முட்டை அளவுக்கு நறுக்கி, குளிர்ந்த உப்புத் தண்ணீரில் போட்டுக் கொதி வந்தபின் 8 நிமிடம். ஓரங்கள் மாவு பூத்தாற்போல் ஆனதும் வடித்து, ஆவி அடங்கும் வரை வடிதட்டிலேயே விட்டு, பாத்திரத்தில் போட்டு இரண்டு குலுக்குக் குலுக்குங்கள். உதிர்ந்த அந்த ஓரம்தான் பிறகு பொருபொருவென்று வரும் பாகம். தட்டில் பரப்பி மூடாமல் வைத்துவிடுங்கள். எவ்வளவு காய்கிறதோ அவ்வளவு நல்லது. மசிப்பதற்கானவற்றை 1.15 மணி அளவில் தோலோடு வேகவைத்து, உரித்து மசித்து, 100 கிராம் வெண்ணெய், 250 மி.லி. சூடான பால் விட்டு மூடி வையுங்கள். மிக்ஸியில் அடிக்கவே வேண்டாம். மாவுச்சத்து உடைந்து பசையாக இழுக்கும், மீட்க முடியாது.

10.45: வான்கோழியை ஃபிரிட்ஜிலிருந்து எடுங்கள். 11.15: ஓவன் 180 டிகிரி, ஃபேன் ஓவன் என்றால் 160. உப்பில்லாத வெண்ணெய் 200 கிராம் உருக்கி, அதில் ஒரு மஸ்லின் துணியை முழுக்க நனைத்து, மார்பும் தொடையும் மூடும்படி இரண்டடுக்காகப் போர்த்துங்கள். அயர்லாந்தில் கிடைக்கும் வெண்ணெய் பெரும்பாலும் உப்புப் போட்டது, பார்த்து வாங்குங்கள். பல வீடுகளில் துணிக்குப் பதில் பேக்கன் அடுக்குவார்கள். பன்றி சாப்பிடாத நண்பருக்காக நாம் துணியோடு நிற்போம். துணியிலிருந்து வெண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருப்பதால் அடிக்கடி கதவைத் திறந்து கரண்டியால் எடுத்து ஊற்றும் வேலை இல்லை. ஒவ்வொரு தடவை கதவைத் திறக்கும்போதும் ஓவன் சூடு சட்டென்று இறங்கும். அதுவே நேரம் தப்புவதற்குப் பாதிக் காரணம்.

11.45: பறவை உள்ளே. 450 கிராமுக்கு 20 நிமிடம் என்ற பழைய கணக்கு வயிறு அடைத்த பறவைக்கானது. அடைக்காத 5 கிலோவுக்கு மூன்று மணி நேரம் போதும், பழைய கணக்கின்படி மூன்றே முக்கால் மணி நேரம் விட்டால் மார்பு மரத்தூள்தான். 2.15க்குத் துணியை எடுத்துவிட்டு முதல் தடவை சோதியுங்கள். தெர்மாமீட்டரை மார்பின் தடித்த இடத்திலும், தொடை உடலோடு சேரும் இடத்திலும் எலும்பில் படாமல் குத்த வேண்டும். இரண்டும் 75 டிகிரி காட்டினால் முடிந்தது. தெர்மாமீட்டர் பத்துப் பதினைந்து யூரோ செலவு என்று தயங்க வேண்டாம். பறவையின் விலையை நினைத்துப் பாருங்கள்.

மார்பு ஆகிவிட்டது, தொடை ஆகவில்லை என்றால் மறுபடி முழுப் பறவையையும் உள்ளே தள்ளாதீர்கள். கால்கள் இரண்டையும் மூட்டில் வெட்டி எடுத்து, தனி டிரேயில் அடுத்த சுற்று ஓவனில் 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். எப்படியும் வெட்டித்தான் பரிமாறப் போகிறோம்.

2.45: பறவை வெளியே. பலகையில் வைத்து ஃபாயிலைத் தளர்வாகப் போட்டு, மேலே ஒரு துண்டு. இறுக்கிச் சுற்றினால் ஆவியில் தோல் நனைந்துவிடும். சதைக்குள் சாறு அடங்க இந்த நேரம் தேவை. உடனே வெட்டினால் அவ்வளவும் பலகையில் ஓடும். ஓவனை 220க்கு ஏற்றி, கனமான டிரேயில் 150 மி.லி. சூரியகாந்தி எண்ணெய் ஊற்றி உள்ளே வையுங்கள். வாத்துக் கொழுப்பிலோ மாட்டுக் கொழுப்பிலோ செய்வது மரபு, ருசியும் கூடுதல்தான். ஆனால் எண்ணெய் என்றால் எட்டுப் பேரும் சாப்பிடலாம்.

3.00: எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் உருளைக்கிழங்கு. போடும்போது சொர்ரென்று சத்தம் வர வேண்டும். வரவில்லை என்றால் எண்ணெய் காயவில்லை, அடியில் ஒட்டும். ஒன்றோடொன்று இடிக்காமல் ஒரே அடுக்கு. டிரே நெருக்கமாக இருந்தால் இரண்டாகப் பிரியுங்கள். நெருக்கினால் தன் ஆவியிலேயே வெந்து சொதசொதத்துப் போகும். மொத்தம் 50 நிமிடம், 3.25க்கு ஒரு தடவை திருப்பினால் போதும்.

உருளைக்கிழங்கு உள்ளே போன கையோடு கிரேவி. வான்கோழி டிரேயில் இருக்கும் கொழுப்பைச் சாய்த்து வழித்து, மூன்று மேசைக்கரண்டி மட்டும் விட்டு, டிரேயையே பர்னர் மேல் வைத்து மூன்று மேசைக்கரண்டி மைதாவைப் போட்டு இரண்டு நிமிடம் வறுங்கள். நேற்றைய ஸ்டாக்கைச் சூடாக்கி, முதலில் ஒரு கரண்டி, குழைந்ததும் அடுத்த கரண்டி என்று ஊற்றி, அடிப்பிடித்ததை எல்லாம் மரக்கரண்டியால் சுரண்டிவிடுங்கள். மொத்தமாக ஊற்றினால் கட்டி தட்டும். தட்டிவிட்டால் வடிகட்டினால் சரி. பலகையில் தேங்கும் சாற்றையும் கடைசியில் இதில் சேர்த்துவிடுங்கள். பிறகுதான் உப்புப் பார்க்க வேண்டும். ஹாம் தண்ணீரை இதில் விடாதீர்கள். பன்றி சாப்பிடாதவருக்கு வான்கோழியும் கிரேவியும் மீதமிருக்க வேண்டும். ஹாம் வெட்ட வேறு கத்தி, வேறு பலகை என்பதும் அதே காரணத்துக்காகத்தான்.

3.20: ஸ்டஃபிங் டிரேயில் 100 மி.லி. காய்கறி ஸ்டாக் தெளித்து ஃபாயில் மூடிக் கீழ்த்தட்டில். பத்து நிமிடம் கழித்து ஃபாயிலை எடுத்துவிடுங்கள். பக்கத்திலேயே காளான் பை. மூன்றும் 3.50க்கு ஒன்றாக வெளியே வரும். அடுப்பு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும் இந்த இடைவெளியில் பிரெட்டும் சால்மனும் பரிமாறலாம். ஆளுக்கு 50 முதல் 60 கிராம் சால்மன், ஃபிரிட்ஜிலிருந்து இருபது நிமிடம் முன்பே எடுத்தது. பிரெட்டில் தாராளமாக வெண்ணெய், ஒரு துண்டு எலுமிச்சை, மிளகு. அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

3.35: ஸ்பிரவுட்ஸ். அடியில் சிலுவைக் கோடு கீறும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், தண்ணீர் ஏறும். பாதியாக நறுக்கி, கொதிக்கும் உப்புத் தண்ணீரில் 4 நிமிடம், வடித்து வெண்ணெயில் ஒரு புரட்டு. அதிகம் வெந்தால் கந்தக வாடை கிளம்பும். இந்தக் காய்க்குக் கெட்ட பெயர் வந்ததே அதனால்தான். வறுத்த பேக்கன் தூவ விரும்பினால் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். இன்னொரு பர்னரில் கேரட் மசியல், வேறொன்றில் உருளை மசியல், இரண்டையும் அடியில் பிடிக்காமல் சிறுதீயில் கிளறிச் சூடாக்குங்கள். நான்காவது பர்னரில் கிரேவி.

3.40: வெட்டுவது. மார்பைப் பறவையின் மேல் வைத்தே சீவ வேண்டாம். நடு எலும்பை ஒட்டிக் கத்தியை இறக்கி ஒரு பக்க மார்பை முழுதாகக் கழற்றிப் பலகையில் வைத்து, நாரின் குறுக்கே விரல் தடிமனுக்குச் சற்றுக் குறைவாக வெட்டுங்கள். அப்போது ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் தோல் வரும். தொடைக் கறியை எலும்பிலிருந்து பிரித்தெடுத்து வையுங்கள். தட்டுகளைச் சூடான தண்ணீரில் முக்கித் துடைத்திருந்தால் இன்னும் நல்லது. சைவ நண்பரும் பன்றி சாப்பிடாதவரும் தவிர மற்றவர்கள் தட்டில் அடியில் ஒரு துண்டு ஹாம், அதன் மேல் மார்பும் தொடையும், பக்கத்தில் மற்றதெல்லாம், கிரேவி மேலாக.

மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் எலும்பிலிருந்து எடுத்து ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். அன்றிரவு எட்டு மணிக்கு டீயோடு வான்கோழி ஹாம் சாண்ட்விச், உள்ளே ஸ்டஃபிங்கும் கொஞ்சம் வைத்து, அயர்லாந்தில் பலர் விருந்தைவிட எதிர்பார்த்திருப்பது அதைத்தான். அதற்கு ஒரு வெள்ளை பிரெட் தனியாக வாங்கி வையுங்கள். எலும்புக்கூட்டை மறுநாள் ஒரு வெங்காயம், கேரட்டோடு மூன்று மணி நேரம் வேகவைத்து வடித்து ஃபிரீசரில் போட்டுவிடலாம். ஹாம் தண்ணீரில் பட்டாணி சூப் வைக்கும்போது பாதி அளவு நல்ல தண்ணீர் கலந்து ஆரம்பியுங்கள். உப்பைக் கடைசியில், சுவைத்துப் பார்த்த பிறகு மட்டும் போடுங்கள்.